புழு நறுக்காத நாட்கள்

அந்தச் செடி தண்ணீரின்மேல் ஒருக்களித்து மிதந்துகொண்டிருந்தது. வேர்கள் வெள்ளை நூல்களாகத் தொங்கின. அது நின்றிருந்த கையகல மண்சட்டி தொட்டியின் அடியில் கிடந்தது; அதற்குள் ஒரு தங்கமீன் தலையை நுழைத்து மணலை உறிஞ்சுவதும் துப்புவதுமாக இருந்தது. அத்தான் கையில் துடைப்பத்துடன் என் பக்கத்தில் நின்றார். "தானா வந்துருச்சு போல, மச்சான்," என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது. மெர்டேக்கா என்ற மலாயாச் சுதந்திர நாளுக்கு இன்னும் நாலு மாதம் இருந்த ஒரு காலை வேளை அது.

அத்தான் என் அக்காளின் கணவர். காஜா பெராங் சாலையில் ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் பங்களாவில் தோட்டக்காரராக இருந்தார். பங்களாவின் சமையல்கட்டைத் தாண்டிப் பின்னால் இரண்டு அறை குவார்ட்டர்ஸ். செங் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்த அப்பாவும் அம்மாவும், நான் டவுனில் இங்கிலீஷ் பள்ளியில் படிக்கட்டும் என்று என்னை அக்கா வீட்டில் விட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். அந்த வருஷம் படிப்பை முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு எழுதிப்போட்டுக் காத்திருந்தேன். எந்தக் காகிதம் வந்தாலும் அக்கா அதை என் முன்னால் கொண்டுவந்து வைப்பாள். "என் தம்பி படிச்சிருக்கிற படிப்புக்கு அந்த மீனே இவன்கிட்ட வந்து சந்தேகம் கேக்கும்," என்று அண்டை வீட்டாரிடம் சொல்வாள். கிண்டலும் பெருமையும் சேர்ந்தே இருக்கும்.

தொட்டி பங்களா வராந்தாவில் இருந்தது. இரும்புச் சட்டம் போட்டது, ஐந்தடி நீளம். இஞ்சினியர் துரையின் மனைவி, மேமுக்குச் செடிதான் உயிர். காட்டு ஓடைகளில் முழங்கால் நனைய இறங்கி, தண்ணீருக்குள்ளேயே வளரும் செடிகளை வேரோடு கொண்டுவருவார். சேம்பிலையைச் சிறிதாக்கியது போன்ற இலை, அடிப்பக்கம் வெற்றிலைச் சாறு பட்டது போன்ற சிவப்பு. அப்படிப் பதினொரு செடிகள், பதினொரு மண்சட்டிகளில். துரைக்கோ மீன்தான் பிடிக்கும். ஒரு சீனக் காண்டிராக்டர் புத்தாண்டுக்குக் கொண்டுவந்து கொடுத்த ஏழு தங்கமீன்கள், உள்ளங்கை அளவு. அந்த மீன்கள் இருக்கும் தொட்டியில் செடி வளர்ப்பது ஆட்டுப் பட்டிக்குள் கீரைப்பாத்தி போடுவதைப் போன்றது. தின்னும், அல்லது தோண்டும். ஆனால் மேம் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். சட்டியின் வாயைக் கூழாங்கற்களால் இறுக்கமாக அடைத்துவிடுவார். காலையும் மாலையும் மீன்களுக்கு மண்புழுவை நறுக்கிப் போடச் செய்வார். வயிறு நிறைந்த மீன் செடிப்பக்கம் போகாது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தன் கையாலேயே எழுதி வைத்திருந்தார்.

அந்த நோட்டைத்தான் என் கையில் கொடுத்துவிட்டு மேம் சிங்கப்பூருக்கு ஆபரேஷனுக்குப் போனார். துரையும் கூடப் போனார். இரண்டு மாதம். போவதற்கு முன் துரை வராந்தாவில் நின்று சொன்னதை நான்தான் அத்தானுக்குத் தமிழில் சொன்னேன். சுதந்திரம் வந்ததும் துரை ஊருக்கே போய்விடுவார். பங்களாவும் குவார்ட்டர்ஸும் வேறு யாருக்கோ போகும். தொட்டியை ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால், போகுமுன் அத்தானுக்கு ஒரு லெட்டர் எழுதிக் கொடுப்பார். அதைக் காட்டினால் அரசாங்கத்தில் நிரந்தரத் தோட்டக்கார வேலை கிடைக்கும், தங்க இடமும் கிடைக்கும். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அன்று அக்கா நாலு மாதம் முழுகாமல் இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தங்கவில்லை.

துரை போன அடுத்த வாரம் அத்தான் அம்மன் கோயிலில் கையில் கயிறு கட்டிக்கொண்டு வந்தார். நாற்பத்தெட்டு நாள் விரதம். இந்தக் குழந்தை நிற்க வேண்டும் என்ற நேர்த்திக்கடன். வீட்டில் மீன், முட்டை, கருவாடு எதுவும் இல்லை என்று அக்கா சொன்னாள். எதிர்த்துச் சொல்ல எனக்கு வாய் இல்லை. இரண்டாவது முறை அக்காவுக்குக் கலைந்தபோது, "ஆஸ்பத்திரிக்குப் போகாம கோயிலுக்குப் போனா இப்படித்தான்," என்று அவர் காதுபடச் சொன்னவன் நான். பதினேழு வயதில், இங்கிலீஷ் படித்த திமிரில். அதற்குப் பிறகு அத்தான் சாமி விஷயம் எதையும் என்னிடம் பேசியதில்லை.

முதல் செடி மிதந்த பிறகு இரண்டு நாளில் இன்னொன்று. பிறகு மூன்றாவது. நான் நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தேன். வெளிச்சம் குறைந்தால் வேர் பலவீனமாகும் என்றிருந்தது. வராந்தா மூங்கில் தட்டியைச் சுருட்டிக் கட்டினேன். தண்ணீர் கெட்டால் என்றிருந்தது. மழைத்தண்ணீர் பிடித்து வாளி வாளியாக மாற்றினேன். கூழாங்கல்லுக்குப் பதில் பெரிய கல் வைத்தேன். பழைய சைக்கிள் ஆரக்கம்பிகளை வெட்டிச் சட்டிகளைச் சுற்றி வேலி நட்டேன். மீன்கள் வேலியின் சந்தில் வாயைக் கொடுத்து இழுத்தன. நிற்கிற செடிகளிலும் இலை ஓரமெல்லாம் கடிபட்டு, சிலவற்றில் நடுநரம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து மேமின் கடிதம் வந்தது. உடம்பு தேறி வருவதாகவும், படுக்கையில் கிடக்கும்போது தொட்டியைத்தான் நினைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். அதை அத்தானுக்குப் படித்துச் சொன்னபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு செம்பருத்தியைக் கத்தரிக்கப் போய்விட்டார். கத்தரிக்கத் தேவையே இல்லாத செடி அது.

இவ்வளவுக்கும் நடுவில், மீன் என்ன சாப்பிடுகிறது என்று நான் பார்க்கவே இல்லை. அது அத்தானின் வேலை. நோட்டில் அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அது நடந்துகொண்டிருக்கிறது என்றே எண்ணித் தாண்டிப் போனேன். விரதம் அவருக்கு, மீனுக்கு என்ன என்ற கேள்விகூட எனக்கு எழவில்லை. ஆறு செடிகள் போன பிறகு ஒருநாள், வாழை மரங்களுக்குப் பின்னால் குப்பைக்குழிப் பக்கம் போனேன். புழு தோண்டுகிற இடம் கெட்டிப்பட்டுக் கிடந்தது. மேலே புல் முளைத்திருந்தது. புழு நறுக்கும் பலகை காய்ந்து வெளுத்திருந்தது. பிளேடு துருவேறிப் பலகையோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், மீனுக்குப் புழு போடுறீங்களா?"

அவர் குனிந்து புல் பிடுங்கிக்கொண்டிருந்தார். "ரொட்டி போடுறேன். சோறு போடுறேன். பட்டினியாவா போட்டிருக்கேன்?"

"நோட்ல புழுன்னு எழுதியிருக்கு."

"எழுதியிருக்கும். மேம் என்ன கயிறு கட்டியிருக்காங்களா?" மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். "ஒரு உசிரு நிக்கணும்னு வேண்டிக்கிட்டு, தினம் காலையில உக்காந்து நாப்பது உசிர துண்டு துண்டா வெட்டுறதா?"

"கயிறு உங்க கையிலதானே இருக்கு. நான் நறுக்கிப் போடுறேன்."

"ஒரே பானையில சோறு திங்குறோம் மச்சான். நீ வெட்டுனா என்ன, நான் வெட்டுனா என்ன."

"அப்ப லெட்டரு?"

பிடுங்கிய புல்லை மறுபடி மறுபடி உதறினார். "மேம் வர்றதுக்குள்ள கயிறு அவுந்துரும். அதுவரைக்கும் அஞ்சு செடி நிக்காதா?" என்றார். என்னைக் கேட்டாரா, தன்னையே கேட்டுக்கொண்டாரா தெரியவில்லை.

நான் கணக்குப் போட்டேன். நாற்பத்தெட்டில் இருபத்தேழு நாள் மிச்சம். செடி போகும் வேகத்தில் இரண்டு வாரத்தில் தொட்டி மொட்டையாகிவிடும். குவார்ட்டர்ஸ் போனால் அக்கா எங்கே பிள்ளை பெறுவாள்? புழுவுக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? மறுநாள் அத்தான் மார்க்கெட்டுக்குப் போனதும் சமையல்கட்டு வடிகால் ஓரமாகத் தோண்டினேன். ஓட்டுத்துண்டின்மேல் வைத்து நறுக்கினேன். போட்டதும் ஏழு மீன்களும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தன. இத்தனை நாள் அவை எப்படிக் காய்ந்து கிடந்திருக்கின்றன என்று அப்போதுதான் விளங்கியது. அன்று மாலை ஒரு மீன்கூடச் சட்டிப் பக்கம் போகவில்லை.

இதில் நான் செய்த ஒரு காரியத்தை எழுதாமல் விட்டால் இது முழுமையாகாது. புழுவுக்கும் கர்ப்பத்துக்கும் சம்பந்தமில்லை என்று அத்தனை உறுதியாக இருந்தவன், அந்த நாட்களில் வீட்டுச் சோற்றைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, பண்டார் ஹிலிர் வரை நடந்து ஒரு தேத்தண்ணிக் கடையில் ரொட்டி தின்றுவிட்டு வந்தேன். ஒரே பானை என்று அவர் சொன்ன வார்த்தையை மீறாமலேயே மீறப் பார்த்தேன். நான்காம் நாள் அக்கா பொறுக்கவில்லை. குழையக் குழையச் சோறாக்கி, மோர் ஊற்றிப் பிசைந்து, வாசற்படியில் என்னை உட்காரவைத்தாள். "கைய நீட்டுடா. அம்மா இங்க இருந்தா இப்படி விடுமா?" என்று உருட்டி என் உள்ளங்கையில் வைத்தாள். காலையில் புழு நறுக்கிய கை. கழுவியிருந்தேன், மூன்று முறை சோப்புப் போட்டு. மாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன், கிடைக்கவில்லை. அவள் வைக்க வைக்கத் தின்றேன்.

மறுநாள் மத்தியானம் அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் சரிந்து உட்கார்ந்தாள். சேலையில் ரத்தம்.

ஆஸ்பத்திரி நடையில் ஒரு நீளமான பெஞ்சு. அதன் ஒரு முனையில் அத்தான், மறு முனையில் நான். அவர் கயிற்றை விரலால் உருட்டிக்கொண்டே தனக்குள் பேசினார். "நேத்து கரப்பான் ஓடுச்சு, மிதிக்கல. கொசு... தூக்கத்துல அடிச்சிருப்பேனோ. ஏதோ பெசகு பண்ணிட்டேன். எங்க பண்ணேன்னுதான் தெரியல." ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்த் தன் மேலேயே குற்றம் தேடிக்கொண்டிருந்தார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. அப்போது தமிழ் நர்ஸ் ஒருத்தி கதவைத் திறந்து வந்தாள். "கொழந்த இருக்கு. ஆனா பொம்பளைக்கு ஒடம்புல ரத்தமே இல்ல. என்னத்த குடுக்கிறீங்க வீட்ல? முட்ட, ஈரல், மீனு குடுங்க. வெரதம் கிரதம் எல்லாம் உங்களோட வச்சிக்குங்க," என்று படபடவெனச் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அத்தான் எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். முட்டை கொடுத்தால் விரதம் போயிற்று. கொடுக்காவிட்டால் அக்கா. அவர் கண்ணில் நான் அதுவரை பார்க்காத ஒரு பயம். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை.

"அத்தான், வெரதத்த ஏற்கெனவே நான் ஒடச்சிட்டேன்," என்றேன். "அஞ்சு நாளா நான்தான் புழு நறுக்கிப் போட்டேன். அக்கா கையால சோறும் தின்னேன்."

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ கயிறு கட்டு," என்றார்.

அன்று சாயங்காலமே கோயிலுக்கு அழைத்துப் போனார். பூசாரி விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, அத்தானின் கயிற்றை அறுத்துக் குளத்தில் போடச் சொன்னார். எனக்குப் புதுக் கயிறு. "மிச்சம் இருபத்தி ரெண்டு நாள்தானே சாமி?" என்று அத்தான் கேட்டார். "மிச்சம் என்ன மிச்சம். மொதல்லேருந்து எண்ணட்டும்," என்றார் பூசாரி. நாற்பத்தெட்டு. முடியெடுக்கக் கூடாது, செருப்புக் கூடாது. அத்தான் மூன்று செங்கல்லும் ஒரு புதுப் பானையும் வாங்கிவந்து குவார்ட்டர்ஸின் பின்புறம் வைத்தார். என் சோறு இனி அங்கே. வீட்டுப் பானை வேறு, விரதப் பானை வேறு. மறுநாள் காலையில் அவர் துருவேறிய பிளேடை எறிந்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்து, புழு தோண்டி, பலகையில் வைத்து நறுக்கினார். அக்காவுக்கு முட்டை அவித்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தார். எல்லாம் ஒழுங்காகிவிட்டது. ஆனால் என்னோடு பேசவில்லை. "தம்பி, கேட்டச் சாத்து," "தம்பி, தண்ணி வருது," அவ்வளவுதான். மச்சான் என்ற வார்த்தை அந்த வாயிலிருந்து வரவே இல்லை.

பத்து நாள் கழித்து வீடு வந்த அக்கா, பின்புறம் கரி படிந்த பானையைப் பார்த்தாள், என் தாடியைப் பார்த்தாள், எங்கள் இருவரையும் பார்த்தாள். யாரும் சொல்லாமலே பாதியை ஊகித்தாள், மீதியைக் கேட்டு வாங்கினாள். "எம் வயித்துல இருக்கிற புள்ளைக்கு ஆளுக்கொரு பானை வச்சிருக்கீங்க," என்றாள். "என்னைய யாராச்சும் ஒரு வார்த்த கேட்டீங்களா?" அத்தானும் நானும் வேறு வேறு பக்கம் பார்த்தோம். நானும் அவரும் ஒன்றாகச் செய்த ஒரே காரியம் அந்த மாதத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

ஆசிரியர் பயிற்சி நேர்முகத் தேர்வுக்குக் கடிதம் வந்தது என் விரதத்தின் இருபதாம் நாள். சட்டை, பேண்ட், தாடி, வெறுங்காலோடு போனேன். அதிகாரி தமிழர், டை கட்டியிருந்தார். என் கால் கட்டைவிரலில் ஒட்டியிருந்த தாரைப் பார்த்துக்கொண்டே, "சப்பாத்து எங்கே?" என்று இங்கிலீஷில் கேட்டார். விரதம் என்றேன். "நீ நம்புகிறாயா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் தயாராகப் போகவில்லை. "வாக்குக் கொடுத்திருக்கிறேன், சார்," என்றேன். பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். அந்த வருஷம் எனக்கு இடம் கிடைக்கவில்லை. காரணம் காலா, பதிலா, வேறா என்று யாரும் சொல்லவில்லை.

துரையும் மேமும் திரும்பி வந்த அன்று நாங்கள் மூவரும் வராந்தாவில் நின்றோம். மேம் பாதியாக இளைத்திருந்தார். தொப்பியைக்கூடக் கழற்றாமல் தொட்டியிடம் போனார். பதினொன்றில் ஐந்து. அதிலும் இரண்டில்தான் புது இலை. துரை என்னிடம் இங்கிலீஷில் காரணம் கேட்டார். தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஒரு பதிலை நான் இரவெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தான் மேமைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டார். "சாயா புவாசா, மேம். சாச்சிங் தா காசி." நான் விரதம் இருந்தேன், புழு போடவில்லை. அவ்வளவுதான். எனக்குப் பங்கே இல்லாததுபோல முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். மேம் அக்காவின் வயிற்றைப் பார்த்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டு, சாய்ந்திருந்த ஒரு செடியை நிமிர்த்திக் கல்லை அழுத்தி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

துரை லெட்டர் கொடுத்தார். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, டைப் அடித்து. அத்தான் அதைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். படித்தேன். நேர்மையானவர், உழைப்பாளி, குடிப்பழக்கம் இல்லாதவர் என்று தொடங்கியது. அதோடு நிறுத்தினேன்.

"கீழ இன்னும் இருக்கு. முழுசாப் படி."

பொறுப்பைத் தனியாக ஒப்படைத்துச் செல்லத் தக்கவர் அல்லர் என்று இருந்தது. படித்தேன். அத்தான் கேட்டார். காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "பொய் ஒண்ணும் எழுதல," என்றார்.

அந்த லெட்டரை எங்கும் காட்டவில்லை. மெர்டேக்கா அன்று டவுனே கொடியும் விளக்குமாக இருந்தபோது, நாங்கள் அதே சாலையில் ஒரு மளிகைக் கடைக்குப் பின்னால் ஒற்றை அறைக்குச் சாமான் தூக்கிக்கொண்டிருந்தோம். அத்தான் லாரியில் மூட்டை ஏற்றும் வேலைக்குப் போனார். இப்போதும் அதே வேலைதான். அடுத்த வருஷம் எனக்குப் பயிற்சிக்கு இடம் கிடைத்தது. இன்று பத்து பெரெண்டாம் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். அக்காவுக்கு ரத்தம் போனதற்குக் காரணம் சத்துக் குறைவு என்று எனக்குத் தெரியும். குழந்தைகளுக்கு அப்படித்தான் சொல்லியும் கொடுக்கிறேன். ஆனால் அந்த நாற்பத்தெட்டில் ஒரு நாளைக்கூட நான் குறைத்து எண்ணவில்லை. நாற்பத்தேழாம் நாள் காலில் ஆணி குத்திச் சீழ் வைத்தபோதுகூடச் செருப்பைப் போடவில்லை.

கொடியெல்லாம் இறக்கிய பிறகு, செப்டம்பரில் ஒரு மாலை, ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. பெண். நான் வார்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எனக்கே உள்ளே போகக் கால் வரவில்லை. துணியில் சுற்றிய குழந்தையோடு அத்தான் கதவருகே வந்தார். நான் நிற்பதைப் பார்த்தார். விரதத் தாடி போய் மழித்த என் முகத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"என்னா அங்கயே நிக்கிற? வந்து புள்ளயத் தூக்கு, மச்சான்," என்றார். நான் கையை நீட்டியதும் ஒரு அடி பின்னால் போனார். "மொதல்ல கையக் கழுவிட்டு வா. புழு வெட்டுன கை."

குழாயடியில் நின்று நெடுநேரம் கழுவினேன். அவர் குழந்தையோடு அங்கேயே நின்று காத்துக்கொண்டிருந்தார்.